புள்ளிக்கணக்கில் வாராதவர்

சுயம்வரம் என்ற சொல்லுக்குத் தானே தேர்தல் என்பது பொருள். தேர்பவள் மணமகள். புகழேந்தியின் நளவெண்பாவில் தமயந்தி மாலையும் கையுமாக அவைக்கு வருகிறாள். நளனின் உருவை மேற்கொண்டு தேவர் நால்வர் அமர்ந்திருக்க, உண்மை நளனை அவளே இனங்கண்டு மாலை சூட்டுகிறாள். எவரும் அவளுக்குக் கை காட்டவில்லை. கல்லூரியில் இப்பகுதியை நடத்தும்போது மாணவியர் நிமிர்ந்து அமர்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். இதே சொல் இன்று திருமண மண்டபங்களின் வாயிலில் பிளக்ஸ் பதாகையாகத் தொங்குகிறது. உள்ளே நடப்பது பெரும்பாலும் பெற்றோரின் தேர்வு. பிள்ளைகள் அருகில் அமர்ந்திருப்பார்கள்; அவ்வளவே.

சென்ற ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் புதுக்கோட்டையில் நகரத்தார் சமூகத்தாருக்காக நடந்த அத்தகைய வரன் அறிமுகக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். இங்கே நாங்கள் என்பது உடன்பிறந்தார் இருவர். மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மணமாகிக் கோவையில் வாழ்பவர். இளையவள் திருச்சியில் வங்கியொன்றின் தணிக்கைப் பிரிவில் பணிபுரிகிறாள், அகவை 37, மணமாகவில்லை. அப்பச்சி (எங்கள் பக்கத்தில் தந்தையை அவ்வாறே அழைப்போம்) மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. ஆத்தா இளையவளுடன் இருக்கிறார். பயணத்துக்கு இரண்டு காரியங்கள் இருந்தன. ஒன்று, இக்கூட்டம். மற்றொன்று, ராயவரத்துப் பூர்வீக வீட்டில் தனியே வாழும் பெரியாத்தாவைப் பார்ப்பதும், அவ்வீட்டை விற்பதற்காகச் சென்னையிலுள்ள பெரியப்பச்சி மகன் எழுதுவித்திருந்த பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதும்.

நகரத்தார் வழக்கம் அறியாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம் வேண்டும். எங்களவர் ஒவ்வொருவரும் ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தவர்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. இவை அனைத்தும் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ளன. மக்கள் வாழும் ஊர்களோ சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவியவை. ஒருகாலத்தில் 96 ஊர்கள் இருந்தன என்பர். இன்று எழுபத்தைந்தை ஒட்டி எஞ்சியுள்ளன. ராயவரம், கடியாபட்டி, அரிமளம், விராச்சிலை, நச்சாந்துபட்டி, குழிபிறை, மேலைச்சிவபுரி முதலியன புதுக்கோட்டைப் பக்கத்தவை.

ஒரே கோயிலைச் சார்ந்தோர் பங்காளிகள்; அவர்களுக்குள் பெண் கொடுப்பதோ எடுப்பதோ இல்லை. இளையாத்தங்குடி, மாத்தூர் போன்ற பெரிய கோயில்களில் உட்பிரிவுகள் உண்டு. அவற்றுள் சிலவற்றுக்கிடையே மணவுறவு உண்டு. இதற்கு மாறாக இரணியூரும் பிள்ளையார்பட்டியும் வெவ்வேறு கோயில்களாயினும் உடன்பிறந்தாராகக் கருதப்படுவதால் அவ்விரண்டுக்கும் இடையே மணம் இல்லை. திருமணத்தன்று இரு வீட்டாரின் கோயில்களிலிருந்தும் மாலை வரவேண்டும். மணமகள் அன்றுமுதல் கணவனின் கோயிலைச் சேர்ந்தவள் ஆகிறாள்.

மணமான தம்பதியைக் கோயில் ஏடு ஒரு 'புள்ளி' என்று எண்ணும். கோயில் செலவுக்குரிய வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றே பகிரப்படும். கணவரை இழந்த பெண் 'அரைப்புள்ளி'. மணமாகாதவர் எவ்வளவு சம்பாதித்தாலும், எத்தனை ஆண்டு படித்தாலும், புள்ளி ஆவதில்லை. அவர் பெயர் தந்தையின் புள்ளிக்குள் அடங்கியிருக்கும். தந்தை மறைந்தபின் அது எங்கே அடங்கும் என்பதற்கு ஏட்டில் பத்தி இல்லை.

இவ்வழக்கத்தைப் பழிக்க எண்ணவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்த காலத்தில் ஆடவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் சென்று திரும்பினர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர். சிதறிக் கிடந்த சமூகத்தை, ஆண்டுக்கொருமுறை கூடத் திரும்பாத மனிதரை, ஊரோடும் கோயிலோடும் கட்டிவைத்த கயிறு அந்தப் புள்ளிக்கணக்கே. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கணக்குப் புத்தகங்களை விட்டுவிட்டு ஓடிவந்தவர்களுக்கு, ஊர்க் கோயில் ஏட்டில் பெயர் இருந்தது என்பது சிறிய ஆறுதல் அன்று.

மண்டபத்துக்கு வருவோம். நுழைவாயிலில் பெயர் பதிந்ததும் எண் பொறித்த அட்டையும், கோயிலுக்கு ஒரு நிறமாக நாடாவும் தந்தனர். எங்கள் வீட்டுக்குப் பிள்ளையார்பட்டி. ஆதலின் இளையவளுக்கு மஞ்சள் நாடா. கூடத்தைப் பார்த்த அளவிலேயே யார் பங்காளி, யார் சம்பந்தியாகத் தக்கவர் என்பது தெரிந்துவிடும் ஏற்பாடு. அச்சிட்ட புத்தகத்தில் கோயில், பிரிவு, ஊர், நட்சத்திரம், படிப்பு, வேலை, எதிர்பார்ப்பு என்று பத்திகள் இருந்தன. எதிர்பார்ப்புப் பத்தியில் பெண்வீட்டார் பலர் வெளிநாடு அல்லது பெருநகரம் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பலர் குடும்பப்பாங்கான பெண் என்றும் எழுதியிருந்தனர்.

எங்களுக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மையார் மஞ்சள் பையிலிருந்து மகனின் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். மகன் அபுதாபியில், விடுப்புக் கிடைக்கவில்லை. படத்தை நீட்டியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இளையவளிடம், "பொண்ணு எங்க ஆச்சி? வரலையா?" என்றார்.

"நான்தாங்க பொண்ணு," என்றாள் அவள்.

அம்மையார் ஒரு கணம் திகைத்து, பின்னர் அவள் கையைப் பற்றிக்கொண்டு, "நல்லாருப்பீங்க," என்றார். படம் பைக்குள் திரும்பிவிட்டது. அதில் பகை ஒன்றும் இல்லை. அவருடைய மகனுக்கு வயது இருபத்தெட்டு.

மேடையில் ஒவ்வொருவராக அழைத்தனர். பெரும்பாலும் தந்தையோ அம்மானோ ஒலிபெருக்கியில் பேசினர். உரியவர் அருகில் நின்றார். தானே பேசியவர் மிகச் சிலர். அவர்களுள் ஓர் இளைஞர், சொந்த ஊரிலேயே வன்பொருள் கடை வைத்திருப்பதாகவும், ஊரைவிட்டுப் போக விருப்பமில்லை என்றும் சொன்னபோது கூடம் அமைதியாயிற்று. புத்தகத்தில் ஒருவரும் அவர் எண்ணைக் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய ஆடவர் கூட்டமாகப் பின்வரிசையில் இருந்தனர். மணமாகாமை பெண்களின் துயரம் மட்டுமே என்று எழுதுவோர் அந்தப் பின்வரிசையை ஒருமுறை பார்க்கவேண்டும்.

இளையவள் முறை வந்தது. பேச அம்மானை அழைத்துவரவில்லை. ஒலிபெருக்கியைத் தானே வாங்கி, பெயர், ஊர், பணி ஆகியவற்றைச் சொல்லி, "ஆத்தா என்னோடுதான் இருப்பார்கள். அதற்கு உடன்படுபவர் பேசலாம்," என்று முடித்தாள். ஒரு நிமிடம் தந்திருந்தார்கள். அவள் எடுத்துக்கொண்டது அதில் பாதிதான்.

மதிய உணவில் கவுனியரிசியும் மண்டியும் பரிமாறினர். பந்தியில் இளையவளுக்கு எதிரே அமர்ந்தவர் பொன்னமராவதிப் பக்கத்தவர், வயது நாற்பத்தொன்று, கணக்காளர். தம் பாட்டனாரின் பினாங்குக் கடைப் பேரேட்டைச் சீர்படுத்திப் படித்துவருவதாகச் சொன்னார். பற்று, வரவு, நடப்பு வட்டி எனப் பேச்சு வளர்ந்தது. அவள் இவ்வாறு சிரித்துப் பேசி நெடுநாளாயிற்று. பாயசம் வரும் நேரத்தில் அவர் மேல்துண்டு சற்று விலகவே சட்டையில் குத்தியிருந்த நாடா தெரிந்தது. இரணியூருக்குரிய நிறம்.

இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தனர். "அப்போ நாம உடன்பிறந்தவங்க," என்றார் அவர், சிரிக்க முயன்று. "பேரேட்டை முடிச்சதும் எனக்குக் காட்டுங்க அண்ணே," என்றாள் இளையவள். அவர் எழுந்து கை கழுவச் சென்றார். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் இரு கோயிலார் கொண்ட உறவு, அந்த இலைகளுக்கு நடுவே வந்து அமர்ந்துகொண்டது. அதை மீறலாமே என்று வெளியார் கேட்கக்கூடும். மீறியவர் உண்டு. அவ்வாறு மீறினால் கோயில் மாலை வருமா, பிறக்கும் பிள்ளை எந்தப் புள்ளியில் சேரும் என்ற கேள்விகள் எழும். கோயிலை வைத்தே துணை தேட வந்த இடத்தில் கோயிலை மறந்துவிடு என்று ஒருவர் மற்றவரிடம் எவ்வாறு தொடங்குவது?

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. வடக்கே சமணர்கள் 'பரிச்சய சம்மேளன்' என்ற பெயரில் இத்தகைய கூட்டங்களை நடத்துகின்றனர். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்சிகள் 57,264 பேர் மட்டுமே. 2013-இல் இந்திய அரசே 'ஜியோ பார்சி' என்னும் திட்டத்தைத் தொடங்கி அவர்கள் தொகை குறையாதிருக்க உதவ முற்பட்டது. சிறு சமூகம் தன் எல்லைக்குள் மணம் கொள்ளவேண்டும் என்று கருதும்போது, தனியராக இருக்கும் ஒவ்வொருவரும் அச்சமூகத்தின் கவலையாகிவிடுகின்றனர். ஒருவருடைய வாழ்வு எண்ணிக்கையின் பொருட்டு விசாரிக்கப்படுகிறது. விசாரிப்பவரின் பரிவு உண்மையே; விசாரிக்கப்படுபவரின் களைப்பும் உண்மையே.

மாலையில் பேருந்தில் திருமயம் சென்று, அங்கிருந்து ராயவரம் சேர்ந்தோம். திருமயம் கோட்டை 1687-இல் கிழவன் சேதுபதி கட்டியது. சாலையிலிருந்து பார்த்தால் பாறையும் மதிலும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றி நிற்கும். ராயவரம் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த ஊர். சிறு வயதில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பச்சி இதைப் பெருமையுடன் சொல்வார். இப்போது அகன்ற தெருக்களில் பூட்டிய வீடுகளே மிகுதி.

எங்கள் வீடு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவது. நடுவே வானம் பார்த்த வளவு. அதைச் சுற்றி அறைகள். மகனுக்கு மணமானதும் அவனுக்கும் மருமகளுக்கும் ஓர் அறை ஒதுக்கித் தனி உலை வைக்கச் செய்வார்கள். இதை 'வேறு வைத்தல்' என்போம். ஒரே கூரைக்கீழ் பல குடித்தனங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, ஓர் அடுப்பு. கோயில் ஏட்டில் எழுதப்பட்டிருப்பதை இவ்வீடு மரத்திலும் சுண்ணாம்பிலும் எழுதிவைத்திருக்கிறது. மணமாகாதவருக்கு அறை கிடையாது. வளவில் பாய் விரித்துக்கொள்ளலாம்.

பெரியாத்தாவுக்கு வயது எழுபத்தெட்டு. இடுப்பில் சாவிக்கொத்துடன் வந்து, "வாங்கத்தா" என்று இருவரையும் அணைத்துக்கொண்டார். மறு கேள்வியே, "எதுவும் அமைஞ்சுதா?" என்பதுதான். இளையவள் பந்தியில் நிகழ்ந்ததைச் சொன்னாள். பெரியாத்தா தலையில் அடித்துக்கொண்டு, பின்னர் சிரித்தார். அவர் சிரித்தபின்தான் எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

இரவுணவுக்குப்பின் பத்திரத்தை வளவில் விரித்தோம். வீடு பதினொரு பங்கு. பங்காளிகள் சென்னை, கோவை, சிங்கப்பூர், டெக்சஸ் என்று பரவியிருக்கின்றனர். பராமரிக்க ஆள் இல்லை. மழைக்காலந்தோறும் எங்கேனும் ஓடு சரிகிறது. வாங்க வருபவர் குடியிருக்க வாங்கவில்லை என்பது யாவருக்கும் தெரியும். பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் தனித்தனியே விலைபோகும். காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் அப்படி வந்து சேர்ந்த எத்தனையோ வீடுகளின் கதவுகள் சாத்திவைக்கப்பட்டிருக்கின்றன. அண்ணனைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர் பங்குக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பிச் சலித்தவர்.

இளையவள் தணிக்கைக்காரி. முதற்பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தாள். விற்பவர் பட்டியலில் அப்பச்சியின் பங்குக்கு மூன்று பெயர்கள்: ஆத்தா, நாங்கள் இருவர். 'காலஞ்சென்ற இன்னாரின் குமாரத்தி' என்று அவள் பெயர் முழுமையாக, தலைப்பெழுத்துடன் அச்சாகியிருந்தது.

சட்டம் இதை நெடுநாள் முன்பே தீர்த்துவிட்டது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகன் இல்லாதவர் சொத்துக்கு மனைவியையும் மகள்களையும் வாரிசாக்கியது. 1989-இல் தமிழ்நாடு செய்த திருத்தம் மகளுக்கும் மகனைப்போலப் பிறப்பினாலேயே பூர்வீகச் சொத்தில் உரிமை தந்தது. ஆனால் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமாகிவிட்ட மகளுக்கு இல்லை என்றது. மணமாகாதிருத்தல் ஒரு தகுதியாக எழுதப்பட்ட அரிய இடம் அது. 2005-இல் வந்த நடுவண் அரசின் திருத்தம் அவ்வேறுபாட்டையும் நீக்கியது. ஆகவே, கோயில் ஏட்டில் புள்ளியாக இல்லாத ஒருத்தியின் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டின் ஒரு தூணையும் விற்க இயலாது.

பெரியாத்தா நெடுநேரம் பேசாமல் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் பங்கு, மகனின் வற்புறுத்தலால் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. விற்றபின் சென்னையில் அடுக்ககத்தின் ஆறாவது மாடியில் அவருக்கு ஓர் அறை காத்திருக்கிறது. "அங்க நிலவு தெரியுமாம், லிப்டு இருக்காம்," என்றார். சற்றுப் பொறுத்து, இளையவளைப் பார்த்து, "கோயில் கணக்குல நான் அரை. ஒனக்கு இன்னும் புள்ளியே வைக்கலை. இந்தக் காகிதத்துல மட்டும் ரெண்டு பேரும் முழுசா இருக்கோம் பாத்தா," என்றார். கையெழுத்திடு என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"ஒங்களுக்கு என்ன வேணும் பெரியாத்தா?" என்று கேட்டாள் இளையவள். அன்று காலைமுதல் மண்டபத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்விகள் கேட்கப்பட்டன. இந்தக் கேள்வியை, உரியவரை நேரே பார்த்து, எவரும் கேட்டதாக எங்களுக்கு நினைவில்லை.

"நான் இங்கேயே போய்ச் சேரணும். அதுக்கப்புறம் நீங்க என்னமும் செஞ்சுக்கங்க."

மறுநாள் காலை அப்பச்சியின் அறையைத் திறந்தோம். பித்தளை அடுக்கு, எனாமல் தூக்குச்சட்டி, மலேயாவிலிருந்து வந்த தகரப்பெட்டி, சுவரில் ஒழுகிய நீரின் பழுப்புக் கோடு. இளையவள் அங்கேயே அமர்ந்து பத்திரத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: பெரியாத்தா உயிருடன் உள்ளவரை வீட்டை விற்பதில்லை, பராமரிப்புச் செலவில் எங்கள் பங்குக்கு உரியதை இனி நாங்கள் ஏற்போம். ஆத்தாவைத் தொலைபேசியில் அழைத்துப் படித்துக் காட்டினோம், ஒப்பினார். மூவரும் கையெழுத்திடாமல் பத்திரம் சென்னைக்குத் திரும்பியது. அண்ணனுக்கு வருத்தம். "மணமாகிப் போயிருந்தால் இந்த வீம்பு வராது," என்று உறவினர் ஒருவரிடம் சொன்னாராம். இப்போதைக்குப் பேச்சு நின்றிருக்கிறது. நாளை அவர் வழக்குத் தொடரலாம். பாகப்பிரிவினை கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதை இளையவளே எங்களுக்கு விளக்கினாள்.

மணப்பேச்சும் முற்றிலும் நின்றுவிடவில்லை. கூட்டம் முடிந்த மூன்றாம் வாரம் இரண்டு ஜாதகங்கள் வந்தன. ஒன்றுக்கு அவள் மறுமொழி அனுப்பினாள்: முதலில் அவரே பேசட்டும், பெற்றோர் பிறகு. இதை எழுதும்வரை பதில் இல்லை. வரலாம், வராதும் போகலாம். வந்தால் கோயிலிலிருந்து மாலை வரும்; ஏட்டில் புள்ளி வைப்பார்கள். அதை நாங்கள் விரும்பாதவர் அல்லர். ஆனால் புள்ளி வைக்கும்வரை ஒருத்தி காத்திருப்பவளாக மட்டுமே இருக்கவேண்டும் என்பதில்லை. மணம் முடிந்து கணவரின் கோயிலில் எண்ணப்பட்டுவிட்ட எங்களுள் மூத்தவர் இந்த வீட்டுக்காகச் செய்யாததை, எங்கும் எண்ணப்படாத இளையவள் செய்கிறாள். சமூகங்களின் வரவுசெலவில் இத்தகைய தனியர் எழுதாத பத்தியை எத்தனை வீடுகளில் நிரப்பியிருக்கின்றனர் என்று நண்பர்கள் தத்தம் குடும்பங்களில் எண்ணிப் பார்க்கவேண்டும். முதிய பெற்றோரைக் காத்தவர், தம்பி மக்களைப் படிக்கவைத்தவர், பூட்டிய வீட்டுக்கு விளக்கேற்றியவர் என எவரேனும் ஒருவர் நினைவுக்கு வராமல் இரார்.

ஐப்பசி மழைக்கு முன் அப்பச்சி அறையின் மேல் ஓடு மாற்ற இளையவள் பணம் அனுப்பினாள். வேலை முடிந்ததும் கொத்தனார், ரசீதை யார் பெயரில் எழுதுவது என்று கேட்டாராம். பெரியாத்தா இளையவள் பெயரைச் சொல்லி எழுதச் செய்து, ரசீதை அவ்வறையின் மாடக்குழியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.